புல்மேட்டுக்கு நான் வாங்கிய பர்மிஷன்

சினிமாக்காரர்களுக்கு நீலகிரியில் படப்பிடிப்பு அனுமதி வாங்கித் தருவது என் பிழைப்பு. பூங்காவில் கேமரா வைக்க ஒரு துறை, ஏரிக்கரை என்றால் இன்னொரு துறை, சோலை ஓரம் என்றால் வனத்துறை. நடுவில் ஒரு மரம் நின்றுவிட்டால் அது யாருடைய மரம் என்று கண்டுபிடிக்கவே நாயாய் அலைய வேண்டும். என் மாமனார் இதை ஒரு தொழிலாகவே மதித்ததில்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் ஆயுசு முழுக்க உழைத்தவர். "ஏனுங்க மாப்ள, எங்கூட்டுக் கக்கூசுக்குப் போறதுக்கும் ஒரு பர்மிசன் வாங்கிக் குடுங்க" என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போய்ச் சேர்ந்தார். என் மனைவி அழுது முடித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பொழுதெறங்கறதுக்குள்ள அவர எங்கம்மா பக்கத்துல கொண்டுபோய்ச் சேத்திருங்க. வேற எதுவும் நான் கேக்கல."

அவள் கேட்டதில் தப்பில்லை. இருட்டினால் மாமியாரைப் புதைத்திருக்கிற சுடுகாட்டுப் பக்கம் கரடி இறங்கிவிடும், குழியருகே ஒருத்தரும் நிற்க மாட்டார்கள். ஆனால் சுடுகாடு புல்மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அன்றைக்குப் புல்மேட்டில் பாட்டு ஷூட்டிங். பர்மிஷன் வாங்கிக் கொடுத்தவன் நான். 'பொதுமக்கள் நடமாட்டம் கூடாது' என்ற வரியையும் அலுவலகத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திச் சேர்த்து வாங்கியிருந்தேன். மற்றப் பக்கமெல்லாம் செங்குத்தான தேயிலைச் சரிவு, பாடையைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது.

காலையிலேயே யூனிட் மேனேஜருக்குப் போன் போட்டேன். "ஐயையோ! நீங்க வாங்கண்ணே. சாவுக்கு வழி விடாம இருப்போமா? நாங்களும் மனுஷங்கதானே!" என்றான். நம்பினேன்.

மதியம் தாண்டிப் பிணத்தை எடுத்தோம். எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவழியில் பாடையை இறக்கி வைத்து, தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்றித் தூக்குவோம். போகிறவருக்குத் திரும்பி வரும் வழி மறந்துபோக வேண்டும் என்பதற்காக. அதற்குமேல் பாடையை ஓரடிகூடப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. வளைவில் இருக்கிற கல்லருகே இறக்கினோம், மாற்றினோம், தூக்கினோம். பத்தெட்டு வைப்பதற்குள் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது.

"அண்ணே, ஒரே ஷாட்டுண்ணே" என்று மேனேஜர் ஓடி வந்தான். "வெயில் போயிட்டிருக்கு. ஹீரோயின் சாயங்காலம் மலை இறங்கிப் போயிடுறாங்க. மேளத்த மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

மேளம் நின்றது. அவர்களுடைய ஸ்பீக்கர் நிற்கவில்லை. காதல் பாட்டு. அதே நாலு வரி, திரும்பத் திரும்ப. அந்தப் பெண் மெல்லிசான சேலையில் ஓடி வருவாள், விழுவாள், சிரிப்பாள், 'கட்' என்பார்கள், கம்பளி போர்த்துவார்கள். எங்கள் மேளக்காரரின் விரல்கள் அவரையும் அறியாமல் அந்தத் தாளத்துக்குத் தட்ட ஆரம்பித்தன. முன்னால் என் மச்சான், என் மனைவியின் அண்ணன், கொள்ளிச்சட்டியோடு நின்றார். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய ஈர வேட்டி, மேலே துணியில்லை. கோத்தகிரிக் குளிர் எலும்பைக் கடிக்கிறது. அவருடைய பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் எனக்குக் கேட்டது. கம்பளி ஒன்று கேட்டேன். "அது ஆர்டிஸ்டுக்குண்ணே" என்றான் மேனேஜர்.

"பர்மிசன கேன்சல் பண்ணீருவேன், பாத்துக்க" என்று கத்தினேன்.

"ஞாயித்துக்கிழமண்ணே. யாரு போன எடுப்பாங்க?" என்று சிரித்தான். "நடமாட்டம் கூடாதுன்னு நீங்கதானே எழுதி வாங்கிக் குடுத்தீங்க." அவன் வாயில் ஒன்று போட்டிருப்பேன். என் தோளில் பாடை இருந்தது.

தோள் மாற்றி மாற்றி நின்றோம். பிறகு பனிமூட்டம் இறங்கியது. புல்மேடு வெள்ளையாகிப் போனது. சனியன் தொலைந்தது, இனி ஷூட்டிங் இல்லை என்று நினைத்தேன். அதுவரை எங்கள் பக்கம் திரும்பியே பார்க்காத டைரக்டர் அப்போதுதான் திரும்பினான். பனியில் பாடை, ஈர வேட்டி, சட்டியிலிருந்து புகை. மேனேஜரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னான்.

"அண்ணே, உடனே விட்டுடறோம்" என்று வந்தான் மேனேஜர். "சாருக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு. அந்த வளைவுக்கு அங்கிட்டுப் போய், மறுபடி வர்ற மாதிரி வாங்க. ஒரே தடவ. இல்லன்னா பனி விலகறவரைக்கும் வெயிட் பண்ணி அந்தப் பாட்ட முடிச்சுட்டுத்தான் விடுவாரு."

"திருப்பின பொணத்தப் பின்னால கொண்டுபோகச் சொல்றியாடா? நீயெல்லாம் சோத்தத்தான் திங்கறியா?" என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். பின்னால் நின்ற உறவுக்காரப் பையன்கள் இரண்டு பேர் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார்கள். துக்கத்துக்கு வந்த பெரிய மனிதர் ஒருவர், "படத்துல நம்ம ஊர் வருமுங்களா?" என்று மேனேஜரிடம் விசாரித்தார். அத்தனை பேரையும் அங்கேயே குழி தோண்டிப் புதைக்கலாம் போலிருந்தது.

மச்சான்தான் முடிவைச் சொன்னார். உதடு நீலம் பாரித்திருந்தது. "போயிட்டு வந்துரலாம் மாப்ள. இருட்டுனா அப்பன இங்கியே போட்டுட்டுப் போகோணும். தங்கச்சிக்கு என்னன்னு சொல்றது?"

போனோம். வளைவைத் தாண்டினால் மாமனார் வீட்டு வாசல் நேரே தெரியும். அது எனக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். பிணம் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிடுவார்கள். கழுவி, கோலம் போட்டு, விளக்கேற்றி முடித்திருந்தார்கள். என் மனைவி கையில் ஈர விளக்குமாற்றோடு வாசலில் நின்றாள். பனிக்குள்ளிருந்து அவளுடைய அப்பன் திரும்பி வருவதைப் பார்த்தாள்.

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, உள்ளே வருவதற்கு வழிவிடுகிறவள்போல ஓரமாய் ஒதுங்கினாள். கீழேயிருந்து மைக்கில் 'ஆக்‌ஷன்' என்றார்கள். நாங்கள் திரும்பிக்கொண்டு நடந்தோம்.

பொழுதிறங்குவதற்குள் மாமியார் பக்கத்தில் அவரை வைத்துவிட்டோம். கேட்டதைச் செய்துவிட்டேன். படமும் வந்தது. எங்கள் காட்சி இல்லை. பாட்டு நீளமாகிவிட்டதென்று வெட்டிவிட்டார்களாம். போன மாதம் இன்னொரு யூனிட் அதே புல்மேட்டைக் கேட்டு வந்தது, வாங்கிக் கொடுத்தேன். வேறு என்ன தெரியும் எனக்கு?

என் மனைவி இப்போது அவள் அப்பன் வீட்டில்தான் இருக்கிறாள். பொழுதிறங்கினால் அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். இவள் சாத்துவதில்லை. நான் போகும்போதெல்லாம் சத்தம் போடுவேன். "கரடி வந்துருமடி! சாத்து!"

"சாத்தாதீங்க" என்பாள், என் முகத்தைப் பார்க்காமல். "எங்கப்பனுக்கு வழி மறக்கறதுக்குள்ள நீங்க திருப்பிக் கொண்டாந்து காட்டீட்டுப் போனீங்க. அவரு வந்து நின்னா ஆரு தொறப்பாங்க?"