ஊதுவதும் வாசிப்பதும்

என் மனைவி இறந்த பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு கதை சொல்கிறார்கள். பக்கவாதம் வந்து படுத்திருந்தவள் என்னைப் பார்த்து "வாசிங்க" என்று கேட்டாளாம். புல்லாங்குழல் வாசிக்கச் சொல்லித்தான் கேட்டாளாம். அது புரியாமல் நான் தினமும் பேப்பரை எடுத்து வாசித்தேனாம். கேட்பவர்கள் முதலில் சிரித்துவிடுகிறார்கள். பிறகு "பாவம்" என்கிறார்கள். அந்தப் பாவம் எனக்கும் சேர்த்துத்தான். கதையில் பாதிதான் உண்மை. மீதியை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் கணக்கு வாத்தியார். சின்னமனூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் வேலை பார்த்து, தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்றவன். மதுரையில் எம்.எஸ்சி. படிக்கும்போது விடுதிக்குப் பின்தெருவில் ஒருவரிடம் குழல் கற்றுக்கொண்டேன். மேடை ஏறும் அளவுக்கு இல்லை. ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அலுப்பில்லாமல் சுற்றி வர முடியும், அவ்வளவுதான். அந்த அவ்வளவை நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவிக்கு மயிலாடும்பாறைப் பக்கம். எட்டாவது வரை படித்தவள். கல்யாணமான புதிதில் ஒருநாள், நான் உள்ளே வாசித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னலோரம் வந்து "என்னாடி சத்தம் உள்ள?" என்று கேட்டாள். "எங்க வீட்ல அவுக குழல் ஊதுறாக" என்றாள் இவள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே கூப்பிட்டு எதிரில் நிற்கவைத்தேன்.

"ஊதுறது அடுப்ப. குழல வாசிக்கணும். எங்க, சொல்லு."

"வாசிக்கிறாக." சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். "காலையில பேப்பர வாசிக்கிறாக, சாயங்காலம் குழல வாசிக்கிறாக. வெறுமன வாசிக்கிறாகன்னு சொன்னா, எதன்னு கேக்குறவுகளுக்கு எப்படித் தெரியும்?"

"கேக்குறவுகளுக்கு மூளை இருந்தாத் தெரியும்."

சிரிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு ஊதுவது என்ற சொல்லை அவள் என் முன்னால் அடுப்புக்குக்கூடச் சொன்னதில்லை.

பேப்பரைப் பற்றி அவள் சொன்னது சரிதான். காலையில் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நான் பேப்பரைச் சத்தமாக வாசிப்பேன். பெரியாறு அணையின் நீர்மட்டம், ஏலக்காய் என்ன விலை போனது, யார் இறந்தார்கள். அவள் வேலை பார்த்துக்கொண்டே கேட்பாள். அணையில் தண்ணீர் ஏறியிருந்தால் "அப்பாடா" என்பாள், எங்களுக்கு ஆற்றுப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதபோதும். சாயங்காலம் குழல். அதையும் வேலை பார்த்துக்கொண்டேதான் கேட்பாள். ராகங்களின் பெயர் அவளுக்குப் பிடிபடவில்லை. மோகனம் அவளுக்குச் 'சாரல் பாட்டு'. சகானா 'பஸ்ஸுக்கு நிக்கிற பாட்டு'. ஏன் என்று கேட்டேன். "எங்க ஊரு பஸ்ஸுக்கு நிக்கையில இப்படித்தான இருக்கும், வருமா வராதான்னு" என்றாள். இதை ஆசிரியர் அறையில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன்.

குழலை நான் விட்டதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஓய்வு பெற்ற பின் ஒருமுறை, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மகள் நான் வாசிப்பதைச் செல்போனில் பதிவு செய்து எனக்கே அனுப்பினாள். ஆசையாக அனுப்பியதுதான். அதுவரை என் வாசிப்பை நான் வெளியிலிருந்து கேட்டதே இல்லை. மூச்சு ஒழுகும் மெலிந்த சத்தம். மேலே போகும்போது சுருதி நழுவியது. வாசிக்கும்போது என் காதுக்குள் நான் கேட்டுவந்தது வேறு ஏதோ. அதே போனில் பெரிய வித்வான்களின் வாசிப்பையும் தேடிக் கேட்டேன். இத்தனை வருஷமும் இப்படித்தானா ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தோம் என்று உடம்பு கூசியது.

மறுநாள் குழலை எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது. நேரம் தப்பிய பசி அடங்கிப்போகுமே, அதுபோல அடங்கிவிட்டது. மாலை வந்தால் கை தேடும் என்று நினைத்தேன், தேடவில்லை.

"இன்னைக்கி வாசிக்கலையா?" என்று அவள் கேட்டாள்.

"வாசிச்சு? யாரு கேக்குறதுக்கு?"

முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. பிறகு உருவினாள். இன்னும் சில நாள் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். பிறகு எனக்கு மேல்வரிசைப் பற்கள் ஆடி, பிடுங்கி, பல்செட் வந்தது. யாராவது கேட்டால் "பல்லு போச்சு, இனிமே எங்க வாசிக்கிறது" என்று சொல்ல வசதியாகப் போயிற்று.

வருஷங்கள் கழிந்து ஒரு காலையில், கோலப்பொடிக் கிண்ணத்துடன் வாசலிலேயே அவள் சரிந்து விழுந்தாள். தேனியில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். உயிர் தங்கியது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சில் சில சொற்கள்தான் மிஞ்சின. தண்ணி. போதும். மகள் பெயர். வீட்டுக்குக் கொண்டுவந்து, மேற்கே மலை தெரியும் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். தேவதானப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்த அவள் தங்கை, என் கொழுந்தியாள், வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் காலையில் மனைவி என்னைப் பார்த்து, நாக்கைப் புரட்டிப் புரட்டி, "வாசிங்க" என்றாள்.

புதிதாக ஒரு சொல் வந்துவிட்ட சந்தோஷத்தில் நான் பேப்பரை எடுத்தேன். அணை நீர்மட்டத்தை வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கேட்கிறாள் என்று நினைத்தேன். மறுநாளும் "வாசிங்க." மறுநாளும் வாசித்தேன். வாசித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் "வாசிங்க" என்றாள். "வாசிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்று எரிச்சலோடு சொல்லி, குரலை உயர்த்தி வாசித்தேன். இதுவரை குடும்பத்தில் சொல்லும் கதை உண்மை. இதுவரை எனக்குப் புரியவில்லை.

அதற்கடுத்து ஒருநாள், கொழுந்தியாள் சமையலறையில் இருந்தபோது, "வாசிங்க" என்று சொல்லிவிட்டு, அவள் நல்ல கையான இடது கையைப் போர்வைமேல் வைத்தாள். விரல்களைத் தூக்கினாள், வைத்தாள். ஒவ்வொன்றாக. துளையை மூடுவது, திறப்பது. இத்தனை வருஷம் எதிரில் இருந்து அவள் பார்த்த என் விரல்கள். எனக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் தூங்கும்போது பீரோவைத் திறந்தேன். குழல் என் பழைய வேட்டிக்கு அடியில் இருந்தது. வெடித்துப்போயிருக்கும் என்று நினைத்தேன்; வெடிக்கவில்லை. எண்ணெய் வாசம் அடித்தது. நான் எண்ணெய் போட்டுப் பல வருஷமாகிறது. அது யார் கை என்று அப்போது யோசிக்கவில்லை. குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஊதிப் பார்த்தேன். காற்றுதான் வந்தது. பல்செட்டைக் கழற்றிவிட்டு ஊதினேன். உதடு உள்ளே மடங்கிக்கொண்டு, அந்தக் காற்றும் கலைந்துபோனது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். குழலைத் துடைத்துத் திரும்பப் பீரோவில் வைத்தேன்.

மறுநாள் காலையில் அவள் "வாசிங்க" என்றபோது, நான் பேப்பரைப் பிரித்தேன்.

சத்தமே வராவிட்டாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து குழலை உதட்டில் வைத்திருக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரியாமல் இல்லை. உலகத்திலேயே என் வாசிப்பில் ஒரு குறையும் கண்டுபிடிக்காத ஒருத்தி முன்னால் அசிங்கப்பட எனக்கு மனசு வரவில்லை. "நேத்து சாயந்தரம் அணையில..." என்று தொடங்கினேன். அவள் கண்ணை மூடவில்லை. வரி முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் அன்று, பையை மடியில் வைத்துக்கொண்டு கொழுந்தியாள் கேட்டாள்.

"மச்சான், ஒன்னு கேப்பேன், கோவிச்சுக்கிறாதீக. அக்கா ஒங்கள வாசிங்க வாசிங்கன்னு கேட்டுச்சே, அது குழலத்தான கேட்டுச்சு? எனக்கே இப்பத்தான் தோணுது. நீங்க என்னன்னா பேப்பரத் தூக்கிக்கிட்டு ஒக்காந்தீக."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "பேப்பரத்தான் சொல்றாள்னு நெனச்சுட்டேம்மா" என்றேன்.

பொய். யோசிக்காமல் வந்தது.

"நல்லாப் படிச்சவுக போங்க!" அழுதுகொண்டே சிரித்தாள். "ஊதுங்கன்னு சொல்லியிருந்தா ஒரே சொல்லுல புரிஞ்சிருக்கும். அது ஒங்களுக்குப் புடிக்காதுல்ல. வாயி கோணிக் கெடக்கும்போதும் ஒங்க சொல்லத்தான் சொல்லுச்சு பாருங்க, எங்கக்கா."

அவள் மூலமாகத்தான் அந்தக் கதை பரவியது. என்னைப் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லியே எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

குழலை மறுபடி எடுத்தது துக்கத்தால் என்று சொன்னால் அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு காலையில் வழக்கம்போல் பேப்பரைப் பிரித்து, யாருமில்லாத வீட்டில் அணை நீர்மட்டத்தைச் சத்தமாக வாசித்துவிட்டேன். என் குரல் எனக்கே கேட்டது. பேப்பரைக் கீழே வைத்தேன். இன்றுவரை வீட்டில் பேப்பர் வாசிக்க முடியவில்லை. அந்த நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பீரோவைத் திறந்தேன்.

பல்செட்டை டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு, கட்டில் கிடந்த இடத்துக்கு எதிரில் உட்கார்ந்து ஊதினேன். உஸ்ஸென்ற காற்று. மறுநாளும் அதே. சில வாரம் அப்படியே போயிற்று. ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"சார்! ஒங்க வீட்ல கேஸ் கசியுதா? காலையில இருந்து உஸ்ஸுன்னு சத்தம் வருது. சிலிண்டரப் பாருங்க சார்!"

"சிலிண்டர் இல்லம்மா, நாந்தான். குழல் ஊதிக்கிட்டிருக்கேன்."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.

உதட்டை வேறு மாதிரி வைத்து, குழலைக் கொஞ்சம் கீழே சாய்த்து, கடைசியில் கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் நின்றது. கரகரவென்று, ஓரம் கிழிந்த சத்தம். செல்போனில் கேட்டு நான் கூசிய அந்தச் சத்தம் இதோடு பார்த்தால் தேன். ஆனால் மறுநாள் எப்போது விடியும் என்று இருந்தது. அப்படி இருந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்த ஆசை அவள் போர்வைமேல் விரலைத் தூக்கி வைத்தபோது எங்கே போயிருந்தது என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டேதான் ஊதுகிறேன்.

கொழுந்தியாள் அடிக்கடி போன் போடுவாள். சென்ற மாதம் அப்படிப் போட்டபோது, "என்னா மச்சான் செய்றீக, சாப்டீகளா?" என்றாள்.

"ஊதிக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"குழலத்தான்."

"போன அப்படியே பக்கத்துல வச்சுட்டு ஊதுங்க, கேக்குறேன்" என்றாள். பஸ்ஸுக்கு நிக்கிற பாட்டை ஊதினேன். பாதிக்கு மேலே போக மூச்சு இல்லை. கீழேயே சுற்றிச் சுற்றி வந்து நிறுத்தினேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"எங்கக்கா இருந்து கேட்டிருக்கணும். நீங்க மட்டும் அன்னைக்கி புரிஞ்சிருந்தீகன்னா..."

"புரிஞ்சது."

"என்னது?"

"எனக்குப் புரிஞ்சதும்மா. நீ அடுப்படியில இருந்த. அவ விரலத் தூக்கித் தூக்கிக் காமிச்சா. அப்பவே புரிஞ்சது. புரிஞ்சுதான் பேப்பர எடுத்தேன்."

அந்தப் பக்கம் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது தேய்ந்து மறைந்தது. பிறகு, "ஒல கொதிக்குது மச்சான், வச்சிர்றேன்" என்றாள். நல்ல குரலில்தான் சொன்னாள். அதன் பிறகு அவள் போன் வரவில்லை.

அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் அக்காவைப் பற்றி அவளிடம் இருந்த ஒரு கதையை நான் பிடுங்கிவிட்டேன். வேறொன்றைக் கொடுக்கவும் என்னிடம் இல்லை.

இது மலையிலிருந்து காற்று அடிக்கும் மாதம். காற்று குறுக்கே வந்தால் குழலில் சத்தம் கலைந்துபோகும். ஜன்னலை அடைத்துவிட்டுத்தான் உட்காரவேண்டும். மற்ற ஜன்னல்களை அடைக்கிறேன். கட்டிலோரம் இருந்ததை மட்டும் அடைக்க மனம் வரவில்லை. பாதி நேரம் வெறும் காற்றாகவே போகிறது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊதுகிறேன்.