குதிக்கிறதுக்கு எதுக்குக் கூரை?

மற்ற பேராசிரியர்களிடம் படிக்கும் பிள்ளைகள் பரீட்சையில்தான் சறுக்குவார்கள். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் தினமும் சறுக்கி விழுவார்கள், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். தஞ்சாவூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஜிம்னாஸ்டிக்ஸ் தலைமைப் பயிற்சியாளர் நான். துணைப் பயிற்சியாளர் என்று யாரும் கிடையாது என்பதால் யாருக்குத் தலைமை என்று என்னைக் கேட்காதீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்குத் தன் வேலை என்ன என்று விளக்க முயன்று, பாயசம் வருவதற்குள் தோற்றுப்போன சக பாவிகள் எல்லாருக்கும் இதை எழுதுகிறேன்.

தச்சர் வந்த நாள்

எங்கள் ஹாலுக்குத் தகரக் கூரை. சித்திரையில் உள்ளே நின்றால் இட்லி மாதிரி வெந்துவிடலாம். ஐப்பசியில் ஒழுகும். ஆனால் அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. போன வருஷம் ஆடி மாதத்தில் கல்லூரிச் செயலாளர் ஒரு தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தச்சர் என்னைக் கண்டுகொள்ளாமல் இன்ச் டேப்பை நீட்டிச் சுவரை அளந்தார். என்ன சார் என்று செயலாளரைக் கேட்டேன். பெஞ்சு போட என்றார். ஹாலைப் பரீட்சை ஹாலாக்கப் போகிறார்களாம்.

நான் ஹாலை விட்டு நகரவில்லை. கடைசியில் செயலாளர் ஒரு சமாதானத்துக்கு வந்தார். மாசியில் நடக்கும் பல்கலைக்கழகப் போட்டியில் என் அணி முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் ஹால் எனக்கு, இல்லையென்றால் பெஞ்சுக்கு. வருகிறோம் சார் என்று பளிச்சென்று சொல்லிவிட்டேன். அணிக்கு மூன்று பெண்கள் வேண்டும். பழைய அணியில் எல்லாரும் படிப்பு முடித்துப் போய்விட்டார்கள், அப்போது என்னிடம் ஒருத்தி கூட இல்லை. தோற்றால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டதற்குச் செயலாளர் சொன்னது:

"குதிக்கிறதுக்கு எதுக்கு மேடம் கூரை? கிரவுண்டுல குதிச்சா ஆகாதா?"

ஆள் சேர்ப்பு

நோட்டீஸ் போர்டில் ஜிம்னாஸ்டிக்ஸ் தேர்வு என்று எழுதி ஒட்டினேன். பாதிப் பேர் 'ஜிம்' வரைக்கும்தான் படித்திருக்கிறார்கள். எடை குறைக்க ஒரு கூட்டமே வந்தது. டிரெட்மில் எங்கே என்று தேடினார்கள். கர்ணம் போடச் சொன்னதும் வாட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். மிஞ்சியவர்கள் நன்னிலம் கார்த்திகா, அதிராம்பட்டினம் ஷமீமா, நீடாமங்கலம் இலக்கியா. மூன்று பேருமே பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்தவர்கள், மூன்று பேருக்குமே பயம் கிடையாது. எனக்கு அது போதும். அதற்கு அப்புறமும் போகாமல் ஒருவர் நின்றார். காமர்ஸ் துறைப் பேராசிரியை, என் தோழி. ரொம்ப நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"தலைகீழா நின்னா தொப்பை குறையுமா மேடம், இல்ல மேல ஏறிக்குமா?"

வரப்பு

பேலன்ஸ் பீம் என்பது இடுப்புக்கு மேல் உயரத்தில் நிற்கும் நீளக் கட்டை. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன் மேல் நடக்க வேண்டும், திரும்ப வேண்டும், பல்டி அடிக்க வேண்டும். கார்த்திகா அதில் கெட்டிக்காரி. அவளைப் பார்க்க ஒரு பத்திரிகை நிருபர் வந்தார். பார்க்க ஆரம்பிக்கும் முன்பே கட்டுரையை மனதுக்குள் எழுதி முடித்திருந்தார் என்று நினைக்கிறேன். "சின்ன வயசுலேருந்து வரப்புல நடந்து பழகுனதாலதான் உனக்கு இது வந்துச்சு, இல்லையா?" என்று தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நாலு மாதமாக அவள் முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போட்டவள் நான். எனக்குக் கோபம் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்திகா முந்திக்கொண்டாள்:

"எங்க வயலுக்கு ஸ்கூட்டியே போகும் சார், நான் எதுக்கு வரப்புல நடக்கணும்?"

மெத்தை

ஒரு நாள் ஷமீமாவின் வாப்பா அதிராம்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து வந்து ஹால் வாசலில் நின்றார். உடுப்பைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நான் தயாரானேன். கணுக்கால் வரை, மணிக்கட்டு வரை மூடிய உடுப்புக்கு விதியிலேயே இடம் இருக்கிறது, ஷமீமா அதைத்தான் போடுகிறாள் என்று படபடவென்று சொன்னேன். "அதெல்லாம் அவ சொல்லிட்டா டீச்சர்" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பிள்ளைகள் குதித்து இறங்கும் லேண்டிங் மெத்தைக்குப் போனார். கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். விரல் தரையைத் தொட்டது. அவருக்கு ஊரில் மெத்தைக் கடை.

அந்த மெத்தை செத்துப்போனது எனக்கும் தெரியும். புதிது கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டிருந்தது. இவ்வளவு நல்ல சாட்சி வலிய வந்து நிற்கும்போது விடுவேனா? அவரை அப்படியே செயலாளர் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தேன். நிதி நிலைமை, அடுத்த கமிட்டி என்று செயலாளர் ஆரம்பித்தார். பொறுமையாகக் கேட்டுவிட்டு வாப்பா சொன்னார்:

"மெத்தை போனா என் கடையில வேற இருக்குங்க. முதுகெலும்பு போனா எந்தக் கடையில வாங்கறதுன்னு நீங்க சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

அடுத்த வாரம் மெத்தை வந்துவிட்டது.

தேதி

தை பிறந்ததும் இலக்கியா அழுதுகொண்டு வந்தாள். அவளுக்குச் சம்பந்தம் முடிவாகிவிட்டது, நிச்சயதார்த்தத்தைச் சரியாகப் போட்டி நாளிலேயே வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. பிடிக்கவில்லையா என்று கேட்டேன். "மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கு மேடம், தேதியைத்தான் பிடிக்கலை" என்றாள். அவள் இல்லையென்றால் இரண்டு பேர்தான், அணியே கிடையாது. அப்பாவிடம் பேசலாம் என்றால் அவர் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்குக் காவலாகப் படுத்திருந்தார். அம்மா, "மாப்பிள்ளை வீட்டுல கேளுங்க, நாங்க எப்படிங்க சொல்ல முடியும்?" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கேட்டேன். மாப்பிள்ளையின் அம்மா மன்னார்குடிக்காரர். தஞ்சாவூருக்குப் புடவை எடுக்க வரும்போது ஹாலுக்கும் ஒரு நடை வாருங்கள், மருமகளைப் பாருங்கள் என்று போனில் கூப்பிட்டேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டி, முகம் கடுகடுவென்று வந்து சேர்ந்தார். நாற்காலி போட்டு, டீ கொடுத்து, இலக்கியாவை ஆடவிட்டேன். ஹாலின் ஒரு மூலையிலிருந்து ஓடி வந்து, கையூன்றிச் சுழன்று, அந்தரத்தில் ஒரு பல்டி அடித்து, அவர் எதிரே வந்து நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா டீயைக் குடிக்க மறந்துவிட்டார். அப்புறம் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்:

"நிச்சயத்தை அடுத்த முகூர்த்தத்துல வச்சுக்கலாம். கல்யாண மேடையில மட்டும் இப்படி எதுவும் செஞ்சிடக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லி வைக்கணும்."

போட்டி

மாசியில் போட்டி. ஓடி வந்து மேசையைத் தாண்டிக் குதிக்கும் வால்ட்டில் ஷமீமா ஆணி அடித்த மாதிரி இறங்கினாள். இலக்கியாவின் ஆட்டத்துக்கு எதிர் அணிப் பெண்களே கை தட்டினார்கள். கடைசியாகக் கார்த்திகா பீமில் ஏறும்போது நாங்கள் மூன்றாம் இடத்தில் இருந்தோம். நான்காவதாகத் திருச்சி அணி எங்கள் குதிகாலை ஒட்டி நின்றது.

முதல் பல்டியிலேயே விழுந்தாள். விழுந்தால் சில நொடிகளுக்குள் ஏறியாக வேண்டும். விழுந்ததற்கான மதிப்பெண் போனது போனதுதான், இனிமேல் ஒரு தள்ளாட்டம் கூட இருக்கக் கூடாது. அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தொடையில் தேய்த்தாள், ஏறினாள். அதற்கப்புறம் அந்தக் கட்டையில் அவள் கால் ஒரு நூல் பிசகவில்லை. கீழே குதித்து நின்றாள், அசையாமல் நின்றாள். மயிரிழையில் மூன்றாம் இடம் எங்களுக்கு. நான் அழுதேன், கண்ணில் தூசி என்றெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. மயிரிழையில் தோற்ற திருச்சிப் பயிற்சியாளர் வந்து கை கொடுத்தார்:

"விழுந்த பொண்ணுங்களை நிறையப் பார்த்திருக்கேன் மேடம். விழுந்துட்டு அந்தக் கட்டையை முறைச்சிக்கிட்டே ஏறுனவளை இப்பதான் பார்க்கிறேன்."

போர்டு

திங்கட்கிழமை காலை செயலாளர் ஹாலுக்கு வந்தார். இந்த முறை தனியாகத்தான் வந்தார். பிள்ளைகளைப் பாராட்டினார், கோப்பையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஹால் உங்களுக்குத்தான் மேடம், சொன்ன சொல் மாற மாட்டேன்" என்றார். நான் மனதார நன்றி சொன்னேன். வாசலில் வைக்கப்போகும் ஃப்ளெக்ஸ் போர்டில் என்ன போடுவது என்று கேட்டேன். மூன்றாம் இடம் என்று போட்டுவிடட்டுமா? அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்:

"இடமெல்லாம் எதுக்கு மேடம்? 'பரிசு வென்ற அணி'ன்னு போடுங்க. பார்க்கிறவங்க எந்த இடமோ அவங்களே நினைச்சுக்கட்டும்."

விழுந்தால் மதிப்பெண்ணைக் கழிக்க ஊரெல்லாம் நடுவர்கள் இருக்கிறார்கள், எழுந்து ஏறியதற்கு மதிப்பெண் போட ஒருவரும் இல்லாததால் அதை ஒழுகுகிற எங்கள் கூரைக்குக் கீழே நானே போட்டுக்கொண்டிருக்கிறேன்.