முப்பத்தொன்பதுக்கு அடுத்தது

ஒதிலியா டீச்சருக்கு எண்ணிக்கை என்றாலே பயம். ஒன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படியா என்று வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். எங்கள் கடற்கரையில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அவளுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நிலம் ஆடிக் கடல் ஊருக்குள் வந்தது. இருட்டில் மேட்டுக்கு ஓடி ஏறியதும் அவள் அப்பா பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஐந்து. சரியாக இருந்தது. "எல்லாம் இருக்கு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். விடிந்த பிறகுதான் தெரிந்தது, ஐந்தாவது தலை பக்கத்து வீட்டுப் பையனுடையது. தங்கை எல்பா மேடேறவே இல்லை.

அதனால் ஒதிலியாவின் வகுப்பில் முதல் மாதம் எண்ணே கிடையாது. சோடி சேர்ப்பதுதான். ஒரு கோப்பைக்கு ஒரு கரண்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு ரொட்டி. எது மிஞ்சுகிறது, எது குறைகிறது என்று கண்ணாலேயே பார்க்கச் சொல்வாள். பிள்ளைகளையும் அப்படியே சோடி சேர்த்திருந்தாள். அந்த வருஷம் பதினெட்டுப் பேர், ஒன்பது சோடி, ஒருவரும் மிச்சமில்லை. மாதம் ஒருமுறை கடலிடமிருந்து தப்பி ஓடும் ஒத்திகைக்கு அபாயச் சங்கு ஊதினால் சோடியாகக் கைகோத்துத்தான் மேட்டுக்கு ஏற வேண்டும்.

"டீச்சரம்மா, இது பள்ளிக்கூடமா கல்யாண ஊர்வலமா?" என்று காவலாளி ஹெரால்தோ கிண்டலடிப்பார்.

"நீங்க எண்ணுங்க ஹெரால்தோ. நான் கையைப் பாக்குறேன்" என்பாள் அவள். பிள்ளைகளிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சொல்லி வைத்திருந்தாள். "சோடி கையை விட்டா அவ்வளவுதான். கடல் வந்து கூட்டிட்டுப் போயிரும்." பயத்தில் வளர்ந்தவளுக்குப் பயமுறுத்தித்தான் வளர்க்கத் தெரியும்.

அன்று காலை நூறு வரை எண்ணுகிற பாடம். ஒன்றாம் வகுப்புப் புத்தகம் நூறோடு முடிந்துவிடும். மித்ஸி எழுந்து நின்று மளமளவென்று எண்ணிக்கொண்டு வந்தாள்.

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது..." நின்றாள். பிறகு தைரியமாக, "முப்பத்திப் பத்து!" என்றாள்.

வகுப்பே சிரித்தது. அவள் சோடி அப்னேர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மித்ஸிக்கு மூக்கு சிவந்துவிட்டது.

"சிரிக்காதடா குண்டா! எனக்கு நூறு வேணும் அத்தை. அப்பா பாறைகிட்ட சிப்பி எடுக்க முங்குறப்ப, 'எண்ணிக்கிட்டே இரு, நூறுக்குள்ள என் தலை தெரியும்'னு சொல்வாரு. எனக்கு நடுவுல மாட்டிக்குது."

எங்கள் பக்கம் பிள்ளைகள் டீச்சரை அத்தை என்றுதான் கூப்பிடும். அத்தை வாயைத் திறந்து அடுத்த எண்ணைச் சொல்வதற்குள் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று பேச ஆரம்பித்தது. கரும்பலகை ஆடியது. தரை ஒரு பக்கமாக நழுவியது.

ஆட்டம் நிற்கும்வரை எல்லாரும் மேஜைக்கு அடியில். நின்றதும் சங்கு ஊதியது. "கையைப் புடிங்க! சோடி! சோடி!" என்று கத்திக்கொண்டு அவள் முன்னால் ஓடினாள். யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே செங்குத்தாகப் போகும் பாதை. பாதியில் ஒரு திருப்பம் வரும். அங்கிருந்து ஒரு கிளைப்பாதை இறங்கிப் படகுத்துறைக்குப் போகும். திரும்பிப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அவள் காதில் இருபது வருஷத்துக்கு முந்தைய அலைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

மேட்டில் ஹெரால்தோ தலைகளை எண்ணினார். ஒருமுறைக்கு இரண்டுமுறை எண்ணினார்.

"பதினெட்டு. எல்லாம் இருக்கு டீச்சரம்மா. உக்காருங்க, மூச்சு விடுங்க."

உட்கார்ந்தாள். ஒரு சின்னக் கை அவள் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. வேர்வையில் நனைந்த கை. அதைப் பிடித்துக்கொண்டதும் அவளுக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அதன் பிறகுதான் உறைத்தது. அவள் கை காலியாக இருக்க வேண்டும். இந்த வகுப்பில் மிச்சம் யாரும் கிடையாதே!

குனிந்து பார்த்தாள். அப்னேர்.

"உன் சோடி எங்கடா?"

அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"எல்லாரும் கையைப் புடிங்க!" என்று அலறினாள். பிள்ளைகள் பிடித்தன. எட்டுச் சோடி நின்றது. தாமாரிஸின் இன்னொரு கையில் அவள் தம்பி, பாலர் வகுப்புப் பொடியன், தொங்கிக்கொண்டிருந்தான். வழியில் அக்காவைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டவன். பதினெட்டாவது தலை அவனுடையதுதான். ஹெரால்தோவுக்கு முகம் வெளுத்தது.

அதே மேடு. அதே சரியான எண்ணிக்கை.

"அப்னேர், கண்ணு, அத்தை திட்ட மாட்டேன். மித்ஸி எங்க?"

"நான் விடல அத்தை. அவதான் உருவிக்கிட்டா. வளைவுல. தண்ணிக்குள்ள சங்கு கேக்காதாம், அப்பாகிட்டச் சொல்லணுமாம்." அவன் விசும்பினான். "கடல் என்னையும் கூட்டிட்டுப் போயிருமா?"

அவள் சொல்லி வைத்த பயம்தான் அவன் வாயை அடைத்திருக்கிறது. அது நெஞ்சில் குத்தியது. ஆனால் நின்று வருத்தப்பட நேரமில்லை.

"இவனைப் புடிங்க" என்று அப்னேர் கையை ஹெரால்தோவிடம் கொடுத்தாள்.

"கீழ போகக் கூடாது டீச்சரம்மா! அங்க பாருங்க, தண்ணி உள்வாங்குது!"

பார்த்தாள். ஒருநாளும் வெளியே தெரியாத பாறைகள் கறுப்பாகத் தெரிந்தன. பார்த்துக்கொண்டே இறங்கினாள். பாதி ஓட்டம், பாதி சறுக்கல். பயம் போய்விட்டது என்றெல்லாம் சொன்னால் அது பொய். பல் கிட்டித்துப் போயிருந்தது. காலுக்கு மட்டும் அது தெரியவில்லை.

திருப்பத்துக்குக் கீழே, துறை தெரிகிற இடத்தில், மித்ஸி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அதற்குமேல் இறங்க அவளுக்கும் பயம். கண் கடல்மேல் இருக்க, வாய் மட்டும் ஓடியது.

"முப்பத்தெட்டு, முப்பத்தொம்பது... முப்பத்தொம்பது... ஒண்ணு, ரெண்டு, மூணு..."

எத்தனை தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாளோ!

"வாடி கண்ணு, ஓடலாம்."

"மாட்டேன்! நூறு வந்தாத்தான் அப்பா வருவாரு!"

இழுத்தாள். குழந்தை மரத்தை விடவில்லை. கீழே எங்கோ பெரிய மேஜையை இழுப்பது போல ஒரு சத்தம் கிளம்பியது. ஒதிலியா அவள் காதருகே குனிந்தாள்.

"நாப்பது" என்றாள்.

மித்ஸி திரும்பிப் பார்த்தாள். "நாப்பதா?"

"நாப்பது. அடுத்தது சொல்லு."

"நாப்பத்தொண்ணு..." பிடி தளர்ந்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஒதிலியா ஏறினாள். குழந்தை எண்ணியது. ஒன்பதில் மாட்டும்போதெல்லாம் இவள் மூச்சிரைக்க அடுத்ததைச் சொன்னாள். ஐம்பது. அறுபது. பின்னால் மரங்கள் மடமடவென்று முறிந்தன. இருவரும் திரும்பவில்லை. எழுபது. எண்பதில் ஹெரால்தோ எதிரே ஓடிவந்து இருவரையும் மேலே இழுத்துவிட்டார்.

அவர்கள் நின்றிருந்த திருப்பத்தில் இப்போது கலங்கல் தண்ணீர் சுழன்றது. துறை இல்லை. படகுக் கொட்டகை இல்லை. அப்னேர் ஓடிவந்து மித்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கவனிக்கவே இல்லை.

"தொண்ணூத்தெட்டு. தொண்ணூத்தொம்பது." டீச்சரைப் பார்த்தாள்.

முப்பத்தொன்பதில் அடுத்ததைச் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றிய ஒதிலியா, இங்கே சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்து தண்ணீர்மேல் கண்ணை ஓட்டினாள். கடலில் ஒரு தலையும் தெரியவில்லை.

"நூறு!" என்று கத்தினான் அப்னேர், தனக்குத் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில்.

மித்ஸி கடலைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் எண்ணு இல்லையா அத்தை?"

புத்தகத்தில் இல்லை. ஒதிலியா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இருக்குடி. நெறைய இருக்கு. நூத்தி ஒண்ணு."

"நூத்தி ஒண்ணு" என்றாள் மித்ஸி. "நூத்தி ரெண்டு."

மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. ஹெரால்தோவும் முணுமுணுத்தார். ஒன்றாம் வகுப்பு அன்று யாரும் போகாத தூரத்துக்குப் போனது. தொண்டை கட்டிய பிறகும் நிறுத்தவில்லை. நிறுத்த ஒதிலியா விடவில்லை.

வடக்குச் சரிவில், கடலில் முங்குகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் உடையோடு மூன்று பேர் முட்புதரை விலக்கிக்கொண்டு ஏறிவந்தபோது பிள்ளைகள் எந்த எண்ணில் இருந்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை. மூன்றாவது ஆள் செருப்பில்லாமல், முழங்காலில் ரத்தத்தோடு வந்தார். மித்ஸி ஓடிப்போய் அவர் வயிற்றில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"நூறுன்னு சொன்னியே! நூறுன்னுதானே சொன்ன!"

"தண்ணி உள்வாங்குறப்பவே அந்தப் பக்கமா ஏறிட்டோம்டி கண்ணு" என்று அவர் அவளை வாரிக்கொண்டார்.

ஒதிலியா எழுந்திருக்கவில்லை. அவள் கண் கடல்மேலேயே இருந்தது, உதடுகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன. அப்னேர் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டான்.

"அவங்க அப்பாதான் வந்துட்டாரே அத்தை. நீங்க இன்னும் யாருக்கு எண்ணுறீங்க?"