அக்காவின் ஒற்றைச் செருப்பு

சந்தின் நடுவே ஒற்றைச் செருப்பு கிடந்தது. நீல வார் வைத்த ரப்பர் செருப்பு, என் அக்காவுடையது. அவளோ நாலு வீடு தாண்டி, கையில் கீரைக்கட்டோடு, ஒரு காலில் செருப்பும் மறுகால் வெறுங்காலுமாகப் போய்க்கொண்டிருந்தாள். "ஏன்க்கா, செருப்பு கழண்டது தெரியலையா?" என்று கேட்டேன். குனிந்து பாதத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்கள். அவள் முகத்தில் அப்படியொரு பயத்தை அதற்குமுன் நான் கண்டதில்லை.

அந்த வருஷம் ஆடியில்தான் அம்மன் கோயிலில் தீ மிதித்திருந்தாள். வருஷா வருஷம் மிதிக்கிறவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓடிக் கடப்பாள். அந்தத் தடவை மட்டும் நிதானமாக நடந்து வந்தாள். "சுடவே இல்லடி. பூ மேல நடந்த மாதிரி இருந்தது," என்றாள். சந்தே அவள் காலில் விழுந்து திருநீறு வாங்கியது. நானும் விழுந்தேன். மறுநாள் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். அதுவும் வலிக்கவில்லை என்றாள். அம்மனே இறங்கிவிட்டாள் என்று மஞ்சள் அரைத்துப் பூசினோம்.

பிறகு நடையே மாறிப்போனது. காலை உயரத் தூக்கித் தரையில் தொப்பென்று வைப்பாள். "உங்க அக்கா வர்றது மாடி வரைக்கும் கேக்குது. மிலிட்டரியில சேத்துட்டாங்களா?" என்று மாடிவீட்டுக்காரி கேலி பண்ணுவாள். அக்காவும் சிரிப்பாள், கண்ணை மட்டும் தரையை விட்டு எடுக்க மாட்டாள். ஒரு நாள் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினவள், குழாயடியிலேயே விழுந்தாள்.

டாக்டர் அவளைக் கால் சேர்த்து நிற்க வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். வெட்டின வாழை மாதிரி சாய்ந்தாள், அவரே தாங்கிக்கொண்டார். பக்கவாதம் வந்தவர் ஒரு காலை அரைவட்டமாக இழுத்து நடப்பார், நடுக்குவாதம் வந்தவர் குட்டிக் குட்டி அடியாக வைப்பார், இந்த அம்மாவுக்குத் தரை எங்கே இருக்கிறதென்று பாதம் மூளைக்குச் சொல்வதில்லை, அதனால்தான் இந்த மிதி என்றார். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம். "தீ சுடலைன்னதுமே வந்திருக்கணும்மா," என்றார். வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா, "அப்போ அம்மன் வரலியாடி?" என்று மட்டும் கேட்டாள். பிறகு காலில் வந்த புண் ஆறாமல் ஒரு பாதத்தை எடுத்தார்கள். அப்புறம் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

எனக்கும் சர்க்கரைதான். ஆனாலும் இந்த வயசுவரை யார் கையையும் பிடித்து நடந்தவள் இல்லை நான். மருமகள் கை நீட்டினால் தட்டிவிடுவேன். நேற்று மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது பூக்காரி பின்னாலிருந்து கூப்பிட்டாள். "யம்மா, நில்லும்மா. செருப்ப இங்க உட்டுட்டு எங்க போற?"

வார் அறுந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கொண்டுவந்து காலடியில் போட்டாள். வார் நன்றாகத்தான் இருந்தது. குனிந்து என் பாதத்தைப் பார்த்தேன். வெறும் பாதம், புழுதி ஒட்டியிருந்தது. நின்ற இடத்திலேயே கண்ணை மூடிப் பார்த்தேன். தெருவே ஒரு பக்கமாகச் சரிந்தது.

"கையக் கொஞ்சம் புடிச்சுக்கடி," என்றேன்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிடித்தாள். "வூட்டுக்கா யம்மா?"

"இல்ல. ஆஸ்பத்திரிக்கு."