வேனுக்கு அடியில் உப்பு

பிரெஞ்சுத் தலைநகரில் ரூ காய் என்ற தெருவிலுள்ள ஒரு மளிகைக் கடைக்கு நான் வேன் ஓட்டுகிறேன். வேன் என்னுடையது, பழையது. காலையில் அரிசி மூட்டைகளையும் மரக்கறிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு புறநகர் வீடுகளுக்குப் போவேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரிக் காலை. முதல் நாள் பெய்த பனி இறுகிக் கண்ணாடியாகியிருந்தது.

“இஞ்சாருங்கோ, இண்டைக்குப் போகாமல் விட்டால் என்ன?” என்றாள் மனைவி.

லெ பிளாங்-மெனில் என்ற புறநகரில் ஒரு வீட்டில் முப்பத்தோராம் நாள் காரியம். மதியச் சமையலுக்கு மரக்கறி போயாக வேண்டும். புறப்பட்டேன்.

பெருந்தெருவில் பயமே இருக்கவில்லை. பனி கரைய உப்புத் தூவும் லொறி விடியுமுன்னே போயிருந்தது. தார் கறுப்பாக, ஈரமாக, டயருக்கு நல்ல பிடி கொடுத்தது. அந்தத் துணிவில் வீடுகள் இருந்த சின்னத் தெருவுக்குள்ளும் வேகம் குறைக்காமல் திரும்பினேன். அங்கே உப்பு லொறி வந்திருக்கவில்லை. பிரேக்கை மிதித்ததும் வேன் கோணலாகி, இறக்கத்தில் தானாகச் சறுக்கத் தொடங்கியது. கீழே வயதான பிரெஞ்சுக்காரர் ஒருவர், வாளியும் கையுமாகத் தன் வாசலில் உப்புத் தூவிக்கொண்டு நின்றார். ஹோர்னை அழுத்தினேன். வாளியைப் போட்டுவிட்டு அவர் கேற்றுக்குள் பாய்ந்தார். அவர் தூவிய இடத்தில் பனி ஏற்கெனவே கரைந்திருந்தது. முன் சில்லுகள் அதில் ஏறியதும் பிடித்துக்கொண்டன. வேன் நின்றது. வாளி மட்டும் நசுங்கிப்போயிற்று.

இறங்கி, மூச்சுவிடாமல் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை. “முதலில் மூச்சை விடுங்கள்,” என்று பிரெஞ்சில் சொன்னார். சிந்திய உப்பை இருவருமாக அள்ளிச் சில்லுகளுக்கு முன்னால் போட்டோம். மரக்கறி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன்பின் உப்பு லொறியைக் கண்டால் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கும்.

அந்த வருடம் ஏப்ரலில் பிரேக் மிதி வழமையைவிட ஆழமாக இறங்கியது. யாழ்ப்பாணத்து மெக்கானிக் ஒருவரின் கராஜுக்குக் கொண்டுபோனேன். வேனை உயர்த்திப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்சை வந்து பாரும்.”

பிரேக் எண்ணெய் போகும் குழாய் செதில் செதிலாகத் துருப்பிடித்து, ஓரிடத்தில் கசிந்துகொண்டிருந்தது.

“எல்லாம் ரோட்டு உப்புச் செய்த வேலை. இன்னும் கொஞ்ச நாள் ஓடியிருந்தா பிரேக்கே இருந்திராது.”

எனக்கு வேண்டிய ஒருவரைக் குறை சொன்னதுபோல் கோபம் வந்தது. “அண்ணை, உப்பு இல்லாட்டி அண்டைக்கு நான் ஒரு மனுசனை அடிச்சிருப்பன்.”

“ஓம், நான் உப்பு வேண்டாமெண்டு சொல்லேல்லையே. வேனைக் கழுவுறனீரோ?”

“கிழமைக்கு ஒருக்காக் கழுவுறனான்.”

“மேலை கழுவுவீர். கீழை?”

அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டுமென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. வேனை விட்டுவிட்டு மெட்ரோவில் திரும்பும்போது, அந்தக் குழாய் ஜனவரியிலேயே வெடித்திருந்தால் என்ற நினைப்பே ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது உப்புப் போட்ட தெருக்களில் ஓடிய வாரங்களில், சனிக்கிழமை வேன் கழுவுமிடத்துக்குப் போய், முழங்காலில் குனிந்து அடியெல்லாம் தண்ணீர் அடிக்கிறேன். விரல்கள் விறைத்துப்போகும், சப்பாத்து நனையும். சின்னத் தெருக்களில் நடை வேகம்தான். பின்னால் வருகிறவர்கள் பொறுமையிழந்து ஹோர்ன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.