நாற்பது, நூற்று நான்கான கதை

தங்கைக்குக் காய்ச்சல் விடாமல் அடித்த அந்த வாரத்தில், வீட்டிலிருந்த தெர்மாமீட்டரை அத்தை உதறிய வேகத்தில் சுவரில் இடித்து உடைத்தார். உடைத்துவிட்டு அதையே திட்டவும் செய்தார். அப்பா வேலையாகக் கோலாருக்குப் போயிருந்தார். நூற்று மூன்றைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு முன்னால் பிறந்த அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாதவன். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுவாள்.

கல்லூரியில் ரசாயனம் நடத்திய சித்தப்பா, கான்வென்ட்டிலிருந்த பிரெஞ்சு மதரிடம் ஒரு தெர்மாமீட்டரை இரவல் வாங்கிவந்தார். தங்கையின் அக்குளில் வைத்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நாப்பது.”

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. “கொறஞ்சிடுச்சா தம்பி?”

“இது வேற அளவு அண்ணி. இருங்க, கணக்குப் போட்டுத்தான் சொல்லணும்.”

வாசலுக்குப் போய் எதிர்வீட்டுப் பையனிடம் கன்னடத்தில் ஏதோ மெல்லச் சொல்லிவிட்டு வந்தார். என் சிலேட்டை வாங்கிக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பதை ஒன்பதால் பெருக்கினார். முந்நூற்று அறுபது! எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஐந்தால் வகுத்தார், எழுபத்திரண்டுக்கு இறங்கியது. தங்கையின் காய்ச்சலைத்தான் அவர் சிலேட்டில் ஏற்றி இறக்குகிறார் என்று நம்பினேன். கடவுளுக்கு அடுத்தபடி சித்தப்பாதான் என்று தோன்றியது.

“போதும் சித்தப்பா, அங்கியே நிறுத்திடுங்க!” என்று கத்தினேன்.

அவர் நிறுத்தவில்லை. முப்பத்திரண்டைக் கூட்டினார். கூட்டியதை நிதானமாக மறுபடி சரிபார்த்தார். நூற்று நான்கு.

அம்மா சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கையைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டாள். அத்தைதான் அழுதார். வாசலில் ஜட்கா வந்து நின்றிருந்தது. வண்டியையும் அந்தக் கணக்கே வரவழைத்துவிட்டதென்று நான் வாய் பிளந்து நின்றேன்.

தங்கை பிழைத்து வந்தாள். வந்த கையோடு என் சிலேட்டையும் உடைத்தாள்.

சென்டிகிரேடை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் அதே கணக்கை ஹைஸ்கூலில் நானும் படித்தேன். சித்தப்பா வகுப்புக்கு வகுப்பு போட்டுக் காட்டிய கணக்கு அது. நாற்பதைப் பார்த்ததுமே அவருக்கு விடை தெரிந்திருக்கும். வாசலுக்குப் போனதே வண்டிக்குச் சொல்லி அனுப்பத்தான். வண்டி வந்து சேரும்வரை அம்மா மனசைத் திடப்படுத்திக்கொள்ளட்டும் என்றுதான் அவர் அத்தனை மெதுவாகப் பெருக்கினார், வகுத்தார், கூட்டினார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.