காணாமல் போன நூறு குதிரைகள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கனடாவின் எட்மண்டனில், கார் திருத்தும் ஒரு கராஜில் வேலை செய்தேன். வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய அமெரிக்கக் கார் எஞ்சினை இரண்டு மாதம் பாடுபட்டுப் புதுப்பித்தேன். அந்தக் காரின் விளம்பரத்தில் முந்நூற்றைம்பது குதிரைத்திறன் என்றிருந்தது. சக்கரங்களை உருளைகளின் மேல் ஓடவிட்டு அளந்தபோது இருநூற்றைம்பதுதான் வந்தது.

"மீதி நூறு எங்கே?" என்று அவர் முகம் சிவக்கக் கேட்டார்.

என் வேலையில்தான் பிழையோ என்ற பயத்தில், "மெஷின் பிழை" என்று பொய் சொன்னேன்.

கூட வேலை செய்த ரவி சிரித்தான். "மெஷினும் சரி, உன்ரை வேலையும் சரி மச்சான். அந்தக் காலத்திலை விசிறி, சைலன்சர் எல்லாம் கழட்டிப்போட்டு, எஞ்சினை மட்டும் அளந்துதான் விளம்பரம் போட்டவங்கள். அதுகளும் கியரும் குடிக்கிறதுதான் அந்த நூறு."

கார்க்காரரிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். எஞ்சினை வெளியே எடுத்து, விசிறியும் சைலன்சரும் இல்லாமல், எஞ்சினை மட்டும் அளக்கும் மெஷினில் பூட்டி அவர் கண்முன்னே அளந்தோம். முள் முந்நூற்றைம்பதைத் தாண்டியது! அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்று நான் ஜெயித்தேன். ஆனாலும் என் கைவேலையை நானே நம்பாமல் போன அந்த ஒரு நிமிடம் இன்றும் உறுத்துகிறது.